நல்ல குடும்பம் என்னும் குற்றச்சாட்டு

1992 ஏப்ரல் 30, வியாழக்கிழமை இரவு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் எரிந்துகொண்டிருந்தது. ரோட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர்கள் சாலையில் போட்டு அடித்ததை ஒருவர் வீடியோவில் பதிவு செய்திருந்தார். நாடே அதைப் பார்த்தது. அப்படியிருந்தும், வழக்கில் நிறுத்தப்பட்ட நான்கு காவலர்களில் ஒருவரைக்கூட நடுவர் குழு குற்றவாளி என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு வந்த மறுநாள் அது.

அதே இரவில்தான் ‘தி காஸ்பி ஷோ’ தொடரின் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பாக இருந்தது. எட்டு ஆண்டுகளாக அமெரிக்கா கொண்டாடிய குடும்ப நகைச்சுவைத் தொடர். வெளியே வராமல் வீட்டிலிருந்து அதைப் பாருங்கள் என்று நகர மேயர் டாம் பிராட்லி மக்களைக் கேட்டுக்கொண்டார். அவரும் கறுப்பினத்தவர்தான். உள்ளூர் என்பிசி நிலையம் கலவரச் செய்தியை நிறுத்திவிட்டுத் தொடரைப் போட்டது. திரையில் ஒரு கறுப்பின மருத்துவரும் வழக்கறிஞரான அவர் மனைவியும் மகனின் பட்டமளிப்பு விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே புகை.

பத்தொன்பது நாள் கழித்து, மே 19 அன்று, துணை அதிபர் டான் குவேல் சான் பிரான்சிஸ்கோவில் அந்தக் கலவரத்தைப் பற்றிப் பேசினார். குடும்ப அமைப்பும் ஒழுக்கமும் குலைந்துபோனதுதான் காரணம் என்றார். கணவன் இல்லாமல் பிள்ளை பெற்றுக்கொள்ளும் ‘மர்பி பிரவுன்’ என்ற சிட்காம் கதாபாத்திரத்தையும் அதே பேச்சில் கண்டித்தார். மூன்று வாரத்துக்குள் ஒரு சிட்காம் குடும்பம் மருந்தாகவும் இன்னொன்று நோயாகவும் காட்டப்பட்டது. காவலரின் தடியைப் பற்றிய கேள்வி, ‘உன் வீட்டில் அப்பா இருக்கிறாரா’ என்ற கேள்வியாக மாறிப்போனது.

பழைய அமெரிக்கச் சிட்காம்களைப் பற்றி எழுத இந்தத் தளம்தானா கிடைத்தது என்று தோழர்கள் கேட்கலாம். தொலைக்காட்சியும் குடும்பமும் குறித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்தத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியபோது, எனக்கும் இது வெறும் பாடப்பொருள்தான். பார்க்கப் பார்க்க, ‘முன்மாதிரிக் குடும்பம்’ என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபட்டது. முதலில், அந்தக் குடும்பம் உருவாகக் காரணமான சலுகைகள் மறைக்கப்படுகின்றன. பிறகு, அந்தச் சலுகைகள் மறுக்கப்பட்டவர்களிடம் ‘நீங்கள் ஏன் இப்படி இல்லை’ என்று கேட்கப்படுகிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த கேள்விதான் இது.

1950களில் தொடங்கலாம். ‘ஃபாதர் நோஸ் பெஸ்ட்’, அதாவது அப்பாவுக்கே எல்லாம் தெரியும், என்ற தொடர் 1949இல் வானொலியில் தொடங்கி, 1954 முதல் 1960 வரை தொலைக்காட்சியில் ஓடியது. அப்பா காப்பீட்டு முகவர். மாலையில் வீடு திரும்பி, கோட்டைக் கழற்றிவிட்டு, மூன்று பிள்ளைகளின் சிக்கல்களையும் அரை மணி நேரத்தில் தீர்த்துவைப்பார். இந்தக் குடும்பம் அரசுக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், 1959இல் சேமிப்புப் பத்திரங்களைப் பரப்புவதற்காக அமெரிக்கக் கருவூலத் துறை இதே நடிகர்களை வைத்து ஒரு தனி அத்தியாயமே எடுக்கச் செய்தது. அது தொலைக்காட்சியில் வரவில்லை. பள்ளிகளிலும் மன்றங்களிலும் திரையிடப்பட்டது. குடும்பம் அரசின் பாடநூலான கதை இது. அந்தத் தொடரில் மகனாக நடித்த பில்லி கிரே, அது காட்டிய வாழ்க்கை பொய்யானது என்று பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

இதன் தம்பி ‘லீவ் இட் டு பீவர்’. 1957 அக்டோபர் 4 அன்று தொடங்கியது. மேஃபீல்டு என்ற கற்பனைப் புறநகர். புல்வெளி, வெள்ளை வேலி, கழுத்தில் முத்துமாலையோடு சமைக்கும் அம்மா. முடிவெட்டக் கொடுத்த காசைத் தொலைத்துவிட்டு வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் சிறுவன் பீவருக்கு வரும் பெரிய துன்பம்.

அதே 1957ஆம் ஆண்டு ஆகஸ்டில், பென்சில்வேனியா மாநிலத்தில் லெவிட்டவுன் என்ற உண்மையான புறநகரில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டிய நிறுவனம், கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. முன்பு அங்கே வீடு வாங்கியிருந்த ஒருவரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கி, வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் இணையர் பிள்ளைகளோடு குடிவந்தார்கள். அவ்வூரின் முதல் கறுப்பினக் குடும்பம். வில்லியம் படையில் பணியாற்றியவர். டெய்சி படித்த பெண். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று எல்லாம் சிட்காமில் உள்ளபடியே இருந்த குடும்பம். இரவுதோறும் கூட்டம் கூடியது. சன்னலில் கல் விழுந்தது. மாநிலக் காவல்துறை வந்து நிற்க வேண்டியிருந்தது.

இரண்டே மாதத்தில் பீவர் திரைக்கு வந்தான். ஆறு பருவங்கள், 234 அத்தியாயங்கள். அத்தனையிலும் வசனம் பேசிய கறுப்பின நடிகர் ஒரே ஒருவர். அவருக்குக் கிடைத்தது பணிப்பெண் வேடம்.

மேஃபீல்டு போன்ற புறநகர்கள் தானாக முளைக்கவில்லை. 1934இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று அதே நிர்வாகம் ஒதுக்கியது. போரிலிருந்து திரும்பியவர்களுக்காக 1944இல் வந்த சட்டம் படிப்புக்கும் வீட்டுக்கும் உதவியது. கறுப்பினப் படைவீரர்களில் பெரும்பாலோருக்கு நடைமுறையில் அந்தக் கதவு திறக்கவில்லை. ஊருக்கும் சேரிக்கும் இடையில் கோடு எப்படிக் கிழிக்கப்படும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே அந்தக் கோட்டை வங்கிக் கடன் கிழித்தது. இவ்வளவும் கொடுத்து உருவாக்கிய வீட்டுக்குள் ஒரு வெள்ளை அப்பாவை உட்காரவைத்து, அவருடைய அறிவாலும் பொறுமையாலும்தான் குடும்பம் நன்றாக இருக்கிறது என்று சொன்னது சிட்காம்.

கறுப்பினப் பெண் அந்தக் காலச் சிட்காம் வீட்டுக்குள் நுழைந்தது சமையலறை வழியாகத்தான். 1950இல் தொடங்கிய ‘ப்யூலா’ தொடரின் நாயகி கறுப்பினப் பெண். வெள்ளைக் குடும்பத்தின் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் வேலைக்காரி. அவளுக்கென்று ஒரு குடும்பம் உண்டா என்பது தொடரின் கவலையாக இல்லை.

1965இல் தொழிலாளர் துறை உதவிச் செயலாளராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன், கறுப்பினக் குடும்பம் பற்றி ஓர் அரசு அறிக்கை எழுதினார். அடிமைமுறையும் வேலையின்மையும் அதில் பேசப்படுகின்றன. ஆனால் பெண் தலைமை தாங்கும் குடும்ப அமைப்புதான் கறுப்பினச் சமூகத்தின் சிக்கலுக்கு மையம் என்ற கருத்தே பொதுப்புத்தியில் தங்கியது. தங்கும்படிதான் எழுதப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர் மேலேயே பழி போடுவது என்ற தொடரைத் தலைப்பாக வைத்து வில்லியம் ரையன் 1971இல் நூல் எழுதியது இந்த அறிக்கைக்கு எதிர்வினையாகத்தான். சம்பாதித்து, பிள்ளைகளை வளர்த்து, நிமிர்ந்து நிற்கும் கறுப்பினத் தாயை, குடும்பத்தைக் கெடுக்கும் ‘ஆதிக்கத் தாய்’ என்று சித்திரிப்பது ஒடுக்குமுறையின் கருவி என்பதை பட்ரீஷியா ஹில் காலின்ஸ் பின்னர் விரிவாகக் காட்டினார்.

அப்பா இல்லாத வீடு என்று அரசு வருந்திக்கொண்டிருந்த அதே காலத்தில், அரசின் இன்னொரு கை என்ன செய்தது? வீட்டில் ஆண் இருந்தால் பிள்ளைகளுக்கான உதவித்தொகை கிடையாது என்று பல மாநிலங்களில் விதி இருந்தது. ஆண் இருக்கிறானா என்று அதிகாரிகள் நள்ளிரவில் வந்து சோதித்தார்கள். அலபாமா மாநிலத்தின் அத்தகைய விதி ஒன்றை உச்ச நீதிமன்றம் 1968இல்தான் செல்லாது என்றது. அப்பாவை வெளியே தள்ளிவிட்டு, அப்பா எங்கே என்று கேட்டது அரசு.

இந்தச் சூழலில்தான் எனக்கு மிகப் பிடித்த சிட்காம் அப்பா வருகிறார். 1974இல் தொடங்கிய ‘குட் டைம்ஸ்’ தொடரின் ஜேம்ஸ் எவன்ஸ். சிகாகோவின் பொதுக் குடியிருப்பு ஒன்றில் மனைவி ஃபுளோரிடாவோடும் மூன்று பிள்ளைகளோடும் வாழ்கிறார். தொடரை உருவாக்கியவர்கள் எரிக் மான்டி, மைக் எவன்ஸ் என்ற இரு கறுப்பினக் கலைஞர்கள். வீட்டில் கணவன் இருந்தால்தான் நடிப்பேன் என்று ஃபுளோரிடாவாக நடித்த எஸ்தர் ரோல் அடம் பிடித்ததால்தான் அந்த அப்பாவே கதைக்குள் வந்தார். ஒரு நடிகை மொய்னிஹன் அறிக்கைக்கு இப்படித்தான் பதில் சொன்னார்.

ஜேம்ஸுக்கு எல்லாம் தெரியாது. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். கோபக்காரர். கிடைத்த வேலையைச் செய்வார், அதுவும் போகும். அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு வேலை. வாடகைக்குப் பணம் தேடுவதே கதையாக வரும் அத்தியாயங்கள் உண்டு. கடைசி மகன் மைக்கேல், ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர் என்று வகுப்பில் சொன்னதற்காகப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படுகிறான். 1974இல் ஒரு நகைச்சுவைத் தொடரில் இது வந்தது. விடுதி அறையில் மடிக்கணினியில் இதைப் பார்த்த இரவில், நெல் மண்டியில் மூட்டை தூக்கிய என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். லோடு வராத நாளில் அவர் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நாங்களும் பேச மாட்டோம். ‘ஃபாதர் நோஸ் பெஸ்ட்’ அப்பாவின் பொறுமை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போது புரிந்தது. மாதச் சம்பளத்திலிருந்து வந்தது.

இந்த அப்பாவை அமெரிக்கத் தொலைக்காட்சி எத்தனை நாள் விட்டுவைத்தது? மூத்த மகன் ஜே.ஜே. செய்யும் கோமாளித்தனத்துக்குக் கைதட்டல் கூடக்கூட, கதை அவன் பக்கம் சாய்ந்தது. மகள் மருத்துவராகவும் இளைய மகன் நீதிபதியாகவும் கனவு காண்கிறார்களே, அந்தக் கதைகள் எங்கே என்று ஜேம்ஸாக நடித்த ஜான் ஏமஸ் சண்டை போட்டார். எஸ்தர் ரோலும் ஜே.ஜே. பாத்திரம் போகும் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார். மூன்றாம் பருவத்தோடு ஏமஸ் நீக்கப்பட்டார். 1976 செப்டம்பரில், மிசிசிப்பியில் ஜேம்ஸுக்குப் புது வேலை கிடைத்து, குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது, விபத்தில் அவர் இறந்த செய்தி தந்தியாக வருகிறது. எந்தப் படிமத்தை உடைக்க ஒரு நடிகை போராடினாரோ, அதே படிமத்துக்குள், கணவன் இல்லாத கறுப்பினத் தாயாக, அவர் பாத்திரம் தள்ளப்பட்டது.

தயாரிப்பாளர் நார்மன் லியர் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்திருக்கிறார். கருஞ்சிறுத்தைகள் சிலர் அவர் அலுவலகத்துக்கே வந்து, ‘தொலைக்காட்சியில் கறுப்பினக் குடும்பம் என்றால் வறுமைதானா’ என்று கேட்டார்களாம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் யாருடைய பெயரை எடுத்துக்கொண்டார்களோ, அதே இயக்கத்தவர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எந்நேரமும் நம்மைக் குடிசையோடும் கண்ணீரோடும் மட்டுமே காட்டும் திரைப்படங்களைப் பார்த்து நாமும் கேட்கிற கேள்விதான். அதற்குப் பதிலாக 1975இல் ‘தி ஜெஃபர்சன்ஸ்’ வந்தது. சலவைக் கடைகள் நடத்திப் பணக்காரராகி மன்ஹாட்டனில் குடியேறும் கறுப்பினக் குடும்பம். அடுத்த படியில், 1984 செப்டம்பரில் வந்தது ‘தி காஸ்பி ஷோ’.

மகப்பேறு மருத்துவர் கிளிஃப் ஹக்ஸ்டபிள், வழக்கறிஞர் கிளேர், ஐந்து பிள்ளைகள், புரூக்ளினில் சொந்த வீடு. ஐந்து பருவங்கள் தரவரிசையில் முதலிடம். படிமங்களில் பிழை வந்துவிடக்கூடாது என்று ஹார்வர்டு உளவியல் மருத்துவர் ஆல்வின் புசான் கதைகளைப் படித்து ஆலோசனை சொன்னார். சுவரில் கறுப்பின ஓவியர்களின் ஓவியங்கள், பேச்சில் ஜாஸ் இசை, மகனின் அறைக் கதவில் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான வாசகம். அந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கறுப்பின மக்கள் அடைந்த மகிழ்ச்சியை நான் ஏளனம் செய்ய மாட்டேன். வாழ்நாள் முழுவதும் வேலைக்காரியாகவும் திருடனாகவும் மட்டுமே தன்னைத் திரையில் பார்த்தவர்களுக்கு, ஒரு மாலையாவது கண்ணியத்தோடு பார்க்கக் கிடைப்பது சிறிய செய்தியல்ல.

ஆனால் மற்றவர்கள் அதில் என்ன பார்த்தார்கள்? சட் ஜாலி, ஜஸ்டின் லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பார்வையாளர்களோடு பேசி 1992இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஹக்ஸ்டபிள் குடும்பத்தை விரும்பிய வெள்ளையர்கள், அதையே சான்றாகவும் எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் கண்டது. இவர்களால் முடிந்திருக்கிறது, அப்படியானால் தடை எதுவும் இல்லை, முடியாதவர்கள் சோம்பேறிகள். நிறவெறியைக் காட்டாத வரைதான் அந்தக் குடும்பம் எல்லோர் வீட்டுக்குள்ளும் நுழைய முடிந்தது. நுழைந்த பிறகு, நிறவெறி இல்லை என்பதற்கு அதுவே சாட்சியானது.

தொடர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 மே மாதம், பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் பில் காஸ்பி பேசினார். ஏழைக் கறுப்பினப் பெற்றோரைச் சாடினார். பிள்ளைக்கு 500 டாலரில் காலணி வாங்குகிறார்கள், படிக்க உதவும் பொருளை வாங்குவதில்லை என்றார். பிள்ளைகளின் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. திரையில் பத்து ஆண்டுக்கு முன்பே மறைந்துபோன மருத்துவர் ஹக்ஸ்டபிளின் அதிகாரத்தில்தான் அவர் அன்று பேசினார். அந்த ‘அமெரிக்காவின் அப்பா’ மீது ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் குற்றச்சாட்டுகளை முன்வைத்தார்கள். 2018இல் ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டார். முந்தைய அரசு வழக்கறிஞர் கொடுத்திருந்த வாக்குறுதி மீறப்பட்டது என்ற சட்டக் காரணத்தால் 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. ஒருவர் கெட்டவராகிவிட்டார் என்பதல்ல இங்கே என் வாதம். நல்ல அப்பா என்ற வேடம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு, அந்தப் பெண்களின் சொல் மேலே வர எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

புரூக்ளினில் அந்தக் கற்பனை வீடு இருந்த அதே நியூயார்க் நகரில், 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை படித்தார். சாதி எப்படிப் பரவியது என்ற கேள்விக்கு அண்ணல் அம்பேத்கர் சொன்ன பதில்களில் ஒன்று, பார்த்துச் செய்தல். அகமணமுறையால் பார்ப்பனர் தம்மை அடைத்துக்கொண்டார்கள். மேலே இருப்பவர் செய்வதே மதிப்புக்குரியது என்று நினைத்து மற்றவர்களும் தத்தம் கதவை அடைத்துக்கொண்டார்கள் என்றார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் கேப்ரியல் டார்டின் கோட்பாட்டையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். அதை மறுபடி படித்தபோது, முன்மாதிரி என்ற சொல்லை இனி எளிதாகப் பயன்படுத்த முடியாது என்று தோன்றியது. முன்மாதிரி எப்போதும் மேலிருந்துதான் வருகிறது. குடும்பத்தின் வடிவத்தை, குறிப்பாகப் பெண்ணை அடைத்துவைக்கும் வடிவத்தை, அது கீழே இறக்குகிறது. அந்த வடிவத்தைத் தாங்கி நின்ற நிலத்தையும் பணத்தையும் மேலேயே வைத்துக்கொள்கிறது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நானும் இன்று ஒரு ஹக்ஸ்டபிள்தான். எங்கள் காலனியில் முனைவர் பட்டம் வரை வந்த முதல் பெண். ஊருக்குப் போனால் அம்மாக்கள் தங்கள் பெண்களிடம், “அக்காவப் பாரு, படிச்சு எங்க போயிருச்சு பாரு” என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். அதே தெருவில் என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவள் ஒருத்தி இருந்தாள். கணக்கில் எப்போதும் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்குவாள். அவள் அப்பாவும் அதே மண்டியில் மூட்டை தூக்கியவர்தான். மூட்டை சரிந்து அவர் முதுகு போன வருடம் அவள் நூற்பாலைக்குப் போனாள். எனக்கு ஆதிதிராவிடர் நல விடுதியில் இடம் கிடைத்தது, பிறகு உதவித்தொகை கிடைத்தது. அவள் வீட்டில் என்ன ஒழுக்கக் குறைவு? என் வீட்டில் என்ன கூடுதல் பண்பாடு? என் அப்பாவின் முதுகு தாங்கியது. அவ்வளவுதான்.

ஒரு முறை ஒரு பேராசிரியர் என்னைப் பாராட்டினார். “உங்க வீட்டுல உங்களை நல்லா வளர்த்திருக்காங்கம்மா. உங்க ஆளுங்க எல்லாரும் இப்படி இருந்துட்டா இட ஒதுக்கீடே தேவைப்படாதே.” நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் அது பாராட்டு இல்லை என்று உறைத்தது. என் வீட்டை எடுத்து என் தோழியின் வீட்டை அடித்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு கைத்தடியாக இருந்திருக்கிறேன்.

நம் மேடைகளிலும் ‘முன்னேறிய குடும்பங்களை’ நிறுத்திவைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். பெருமைப்படுவதில் தவறில்லை. நம் பிள்ளைகள் நம்மில் ஒருவரை உயரத்தில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மேடையில் ஏறுகிறவர்கள் ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எந்த விடுதி, எந்த உதவித்தொகை, எந்த ஒதுக்கீடு, எந்தப் போராட்டம் தங்களைத் தூக்கிவிட்டது என்று. அதைச் சொல்லாமல் அப்பாவின் உழைப்பையும் அம்மாவின் தியாகத்தையும் மட்டும் சொன்னால், அப்பா உழைத்தும் அம்மா தியாகம் செய்தும் மேலே வர முடியாத நூறு வீடுகள் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்.

அடுத்த முறை யாராவது என்னை அப்படிப் பாராட்டினால், நன்றி சொல்லப் போவதில்லை. என்னோடு படித்தவளின் கணக்கு மதிப்பெண்ணைச் சொல்லப் போகிறேன். அவள் பத்தாம் வகுப்பில் வாங்கியது 97. நான் வாங்கியது 88.